லினக்ஸில் என்எஃப்எஸ் மவுண்டும் அதை நம்பி ஓடும் சர்வீஸும்: பூட் வரிசையை ஒழுங்காக அமைக்க முழுமையான வழிகாட்டி

வேறொரு கணினி பகிரும் டைரக்டரியைக் கையால் மவுண்ட் செய்தால், அதாவது நம் கணினியில் பொருத்தினால், எல்லாம் ஓடுகிறது. ரீபூட் செய்தால் டைரக்டரி காலியாகக் கிடக்கிறது, சர்வீஸோ அந்தக் காலி டைரக்டரியிலேயே எழுதத் தொடங்கிவிடுகிறது. என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே டைரக்டரியைப் பகிரும் முறை) புதிதாக அமைப்பவர்களில் பலர் முதலில் வந்து மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கட்டளைகள் சரியாகத்தான் இருக்கும், அவை நடக்கும் வரிசை பிசகியிருக்கும். முதலில் நெட்வொர்க், அடுத்து மவுண்ட், அதன் பிறகே சர்வீஸ். இந்த மூன்றையும், பூட்டின்போது எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியிடம் எழுத்தில் சொல்லி வைக்காவிட்டால், ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே உச்சரிப்புப்படி தமிழில் உள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். இடைவெளி, காற்புள்ளி, கோடு எல்லாம் இங்கே உள்ளபடியே இருக்கட்டும். சிஸ்டம்டி யூனிட் கோப்புகளில் (ஒவ்வொரு சர்வீஸையும் மவுண்டையும் விவரிப்பவை) சதுர அடைப்புக்குள் வரும் தலைப்புக்கும் சமக்குறிக்கு முன்னால் வரும் சொற்களுக்கும் மட்டும் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரிய எழுத்து.

எடுத்துக்காட்டு அமைப்பு இது: இரண்டு கணினிகள், இரண்டிலும் டெபியன் அல்லது உபுண்டு. சர்வரின் முகவரி 192.168.1.10, அது பகிர்வது /எஸ்ஆர்வி/டேட்டா. கிளையன்டின் முகவரி 192.168.1.20, அங்கே மவுண்ட் ஆகும் இடம் /எம்என்டி/டேட்டா. அந்த டேட்டாவை நம்பி கிளையன்டில் ஓடும் சர்வீஸ் ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர். உங்களிடம் வேறு சர்வீஸ் இருந்தால் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் தேவையானவை

சர்வருக்கு மாறாத முகவரி வேண்டும். ரவுட்டரில் டிஎச்சிபி ரிசர்வேஷன் போடுங்கள், அல்லது கணினியிலேயே நிலையான ஐபி கொடுங்கள். சர்வரின் எக்ஸ்போர்ட் வரியில், அதாவது யாருக்குப் பகிர்வது என்று சொல்லும் வரியில், கிளையன்டின் ஐபியைக் குறிப்பிடப் போகிறோம் என்பதால் அதற்கும் இதையே செய்யுங்கள். முகவரி மாறிய அன்று வரும் பிழைச் செய்தி "அனுமதி இல்லை" என்று சொல்லும். நீங்கள் மணிக்கணக்கில் அனுமதிகளைத் தோண்டிக்கொண்டிருப்பீர்கள்.

சர்வரில் என்எஃப்எஸ்-கெர்னல்-சர்வர் பேக்கேஜ், கிளையன்டில் என்எஃப்எஸ்-காமன். ஃபெடோரா வகைகளில் இரண்டுக்கும் என்எஃப்எஸ்-யுடில்ஸ் ஒன்றே போதும். கிளையன்டில் இது இல்லாமல் மவுண்ட் செய்தால், கோப்பு முறைமையின் வகை தவறு, உதவி நிரல் தேவைப்படலாம் என்று ஒரு நீளமான செய்தி வரும். அதைப் பார்த்துவிட்டு வட்டைச் சந்தேகிக்க வேண்டாம், பேக்கேஜ்தான் இல்லை.

இரு கணினியிலும் ரூட் உரிமை வேண்டும். முதல் சில ரீபூட்டுகளின்போது கிளையன்டின் திரையும் கீபோர்டும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். எஃப்எஸ்டேப் கோப்பில் (பூட்டின்போது எவற்றை மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) கை வைத்துவிட்டு எஸ்எஸ்எச் மட்டும் நம்பி ரீபூட் செய்வது ஆபத்து. ஏன் என்பது 6-ஆம் படியில் வருகிறது.

2. சர்வரில் பகிர்வை எழுதுதல்

/ஈடிசி/எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஒரே வரி:

/எஸ்ஆர்வி/டேட்டா 192.168.1.20(ஆர்டபிள்யூ,சிங்க்,நோ_சப்ட்ரீ_செக்)

முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி விடவே கூடாது. விட்டால் பொருள் தலைகீழாகிவிடும்: 192.168.1.20-க்கு இயல்பு விதிகள் மட்டும் கிடைக்கும், அதாவது படிக்க மட்டுமே முடியும். எழுதும் உரிமையோ மற்ற எல்லா முகவரிக்கும் போய்விடும். பகிர்வு தோற்காமல் கதவு திறந்தே கிடக்கும் என்பதால், இந்த வேலையில் செய்யக்கூடிய எழுத்துப் பிழைகளிலேயே மோசமானது இதுதான்.

சிங்க் என்பது தரவு வட்டில் இறங்கிய பிறகே "எழுதிவிட்டேன்" என்று பதில் சொல்லும். ஏசிங்க் வேகமாகத் தெரியும். ஆனால் மின்சாரம் போனால், எழுதியாகிவிட்டதாகக் கிளையன்ட் நம்பும் கோப்பு வட்டில் இருக்காது.

/எஸ்ஆர்வி/டேட்டா தனி வட்டில் இருந்தால் அடைப்புக்குறிக்குள் எம்பி என்ற விருப்பத்தையும் சேருங்கள். அந்த வட்டு மவுண்ட் ஆகியிருந்தால் மட்டுமே பகிர்வு நடக்கும். இது இல்லாவிட்டால், வட்டு பழுதான நாளில் சர்வர் தன் காலி டைரக்டரியைப் பகிர்ந்துவிடும். கிளையன்ட் பக்கம் எல்லாக் கோப்பும் அழிந்துபோனது போலத் தெரியும்.

பிறகு:

சூடோ எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ
சூடோ எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி

முதல் கட்டளை கோப்பை மறுபடி படிக்கவைக்கும். இரண்டாவது, உண்மையில் யாருக்கு என்ன உரிமை கிடைத்திருக்கிறது என்று காட்டும். மேலே சொன்ன இடைவெளிப் பிழை இங்கேதான் கண்ணில் படும், ஆகவே இரண்டாவதைத் தாண்டிச் செல்லாதீர்கள்.

என்எஃப்எஸ் 4-ஆம் பதிப்புக்கு டிசிபி 2049 என்ற ஒரே போர்ட் போதும். ஃபயர்வால் இருந்தால்:

சூடோ யுஎஃப்டபிள்யூ அலவ் ஃப்ரம் 192.168.1.20 டு எனி போர்ட் 2049 ப்ரோட்டோ டிசிபி

3-ஆம் பதிப்புக்கு 111 போர்ட்டும், மவுண்ட்டி போன்றவற்றுக்குத் தனிப் போர்ட்களும் திறக்க வேண்டும். பழைய கருவி எதுவும் இல்லையென்றால் 4-லேயே நில்லுங்கள். ஷோமவுண்ட் -ஈ கட்டளை பழைய நெறிமுறையில் கேட்பது; 4 மட்டும் ஓடும் சர்வரிடம் அது தோற்றாலும் மவுண்ட் நன்றாக நடக்கும். அதை வைத்துச் சர்வர் பழுது என்று முடிவு செய்யாதீர்கள்.

3. கிளையன்டில் ஒருமுறை கையால் மவுண்ட் செய்தல்

தானியங்கி எதுவும் எழுதும் முன் இதைச் செய்தாக வேண்டும். இது ஓடாவிட்டால் எஃப்எஸ்டேப்பும் ஓடாது. ஆனால் அங்கே பிழையைக் கண்டுபிடிப்பது பத்து மடங்கு கடினம்.

சூடோ எம்கேடிர் -பி /எம்என்டி/டேட்டா
சூடோ மவுண்ட் -டி என்எஃப்எஸ்4 192.168.1.10:/எஸ்ஆர்வி/டேட்டா /எம்என்டி/டேட்டா

"ஆக்சஸ் டினைட் பை சர்வர்" என்றால் எக்ஸ்போர்ட்ஸ் வரியில் உள்ள முகவரி உங்கள் கிளையன்டின் முகவரி இல்லை. "கனெக்‌ஷன் டைம்ட் அவுட்" என்றால் ஃபயர்வால் அல்லது தவறான ஐபி. "நோ சச் ஃபைல்" என்றால் சர்வரில் எழுதிய பாதையும் இங்கே அடித்த பாதையும் ஒன்றாக இல்லை, அல்லது மவுண்ட் பாயிண்ட்டையே உருவாக்கவில்லை.

4. யூசர் எண்களைப் பொருத்துதல்

மவுண்ட் ஆகிவிட்டது, ஆனால் எழுத முடியவில்லை. இங்கே பலர் 777 அனுமதி (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்துவிட்டு நகர்கிறார்கள். காரணம் புரிந்தால் அதற்குத் தேவையே இருக்காது.

சாதாரண அமைப்பில் என்எஃப்எஸ் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. கிளையன்டில் ஜெல்லிஃபின் யூசரின் எண் 112 என்று வைத்துக்கொள்வோம். சர்வரில் 112 வேறு ஏதோ சர்வீஸின் யூசராக இருந்தால், அந்தச் சர்வீஸின் உரிமைதான் ஜெல்லிஃபினுக்குக் கிடைக்கும். ரூட்டுக்கோ எந்த உரிமையும் கிடைக்காது: ரூட்_ஸ்குவாஷ் இயல்பாகவே இயங்குவதால், கிளையன்டின் ரூட் சர்வரில் 65534 எண்ணுள்ள நோபடியாக மாறிவிடுகிறது. "சூடோ போட்டும் எழுத முடியவில்லையே" என்ற கேள்விக்கு இதுதான் விடை. நோ_ரூட்_ஸ்குவாஷ் போட்டு இதைத் தீர்க்க வேண்டாம். கிளையன்டில் ரூட் ஆனவர் பகிர்ந்த இடம் முழுவதற்கும் ரூட் ஆகிவிடுவார்.

இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. சர்வரில் அந்த எண் காலியாக இருந்தால் அதே எண்ணில் ஒரு யூசரை அங்கேயும் உருவாக்கி, டைரக்டரியை அவர் பெயரில் மாற்றுங்கள். எண் காலியாக இல்லை, பகிர்வும் ஒரே வேலைக்குத்தான் என்றால், சர்வரில் 3000 என்ற எண்ணில் ஒரு யூசரையும் குழுவையும் உருவாக்கி டைரக்டரியை அவருக்குக் கொடுத்துவிட்டு, எக்ஸ்போர்ட்ஸ் வரியில் ஆல்_ஸ்குவாஷ்,அனான்யுஐடி=3000,அனான்ஜிஐடி=3000 சேருங்கள். யார் எழுதினாலும் கோப்பு 3000 பெயரில் விழும்.

குழுவை மட்டும் பொருத்தித் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டெபியனில் என்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் மேனேஜ்-ஜிட்ஸ் இயல்பாகவே இயங்கும். அப்போது கிளையன்ட் அனுப்பும் குழுப் பட்டியலைச் சர்வர் ஒதுக்கிவிட்டு, அந்த யூசர் எண் தன்னிடம் எந்தெந்தக் குழுவில் இருக்கிறது என்று பார்க்கும். கிளையன்டில் மட்டும் குழுவில் சேர்த்தால் பலன் இல்லை.

எழுதிப் பார்க்கும்போது சர்வீஸின் யூசராகவே எழுதுங்கள்:

சூடோ -யு ஜெல்லிஃபின் டச் /எம்என்டி/டேட்டா/சோதனை

இது ஓடிய பிறகு ஒரு அடையாளக் கோப்பையும் இப்போதே வைத்துவிடுங்கள். பின்னால் தேவைப்படும்:

சூடோ -யு ஜெல்லிஃபின் டச் /எம்என்டி/டேட்டா/.மவுண்ட்-ஓகே

5. அன்மவுண்ட் செய்து, காலி டைரக்டரியைப் பூட்டுதல்

சூடோ யுமவுண்ட் /எம்என்டி/டேட்டா
சூடோ சிஎச்ஏடிடிஆர் +ஐ /எம்என்டி/டேட்டா

இரண்டாவது கட்டளை உள்ளூர் டைரக்டரியை மாற்ற முடியாததாக ஆக்குகிறது. மவுண்ட் இல்லாத நேரத்தில் ரூட்கூட அதற்குள் கோப்பு உருவாக்க முடியாது. மவுண்ட் ஆனபின் மேலே வந்து உட்கார்வது சர்வரின் டைரக்டரி, அதை இந்தப் பூட்டு தொடாது.

இதைச் செய்யாதவர்களுக்கு நேர்வது இது: சர்வர் இல்லாத ஓர் இரவில் பேக்கப் நிரல் உள்ளூர் வட்டிலேயே எழுதுகிறது, ரூட் பார்ட்டிஷன் நிரம்புகிறது. காலையில் சர்வர் திரும்பி மவுண்ட் ஆனதும், எழுதிய கோப்புகள் அடியில் மறைந்துவிடுகின்றன. டிஎஃப் வட்டு நிரம்பிவிட்டது என்கிறது, டியு கட்டளைக்கோ அவை தென்படுவதே இல்லை. ஒரு வரி இந்தத் தொல்லையைத் தவிர்க்கிறது. மவுண்ட் ஆகியிருக்கும்போது இதைச் செய்யக் கூடாது என்பதால்தான் முதலில் யுமவுண்ட்.

6. எஃப்எஸ்டேப் வரி

கோப்பைத் தொடும் முன் ஒரு நகல் எடுங்கள். பிறகு /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பின் கடைசியில் ஒரே வரியாக:

192.168.1.10:/எஸ்ஆர்வி/டேட்டா /எம்என்டி/டேட்டா என்எஃப்எஸ்4 _நெட்டெவ்,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்,எக்ஸ்-சிஸ்டம்டி.மவுண்ட்-டைம்அவுட்=30எஸ் 0 0

மொத்தம் ஆறு புலங்கள். நான்காவது புலத்துக்குள் காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விட்டால் ஏழாவது புலம் முளைத்துவிடும். பாதையில் இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் \040 என்று எழுத வேண்டும்.

ஒவ்வொரு சொல்லும் ஏன் இருக்கிறது என்று பார்ப்போம்.

_நெட்டெவ்: இது நெட்வொர்க் மவுண்ட் என்று சொல்கிறது. வகைப் பெயரைப் பார்த்தே சிஸ்டம்டி அதைப் புரிந்துகொள்ளும்தான். ஆனால் வகைப் பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டால் அது உள்ளூர் வட்டு என்று எடுத்துக்கொள்ளும். உள்ளூர் வட்டு தோற்றால் கணினி எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும், எஸ்எஸ்எச் வராது. முதல் படியில் திரையும் கீபோர்டும் வேண்டும் என்றது இதற்காகத்தான்.

நோஃபெயில்: மவுண்ட் தோற்றாலும் பூட் தொடரும், அதற்காகக் காத்திருக்கவும் செய்யாது. நோஃபெயிலும் இல்லை, ஆட்டோமவுண்ட்டும் இல்லை என்றால் என்ன ஆகும்? யூசர்கள் உள்ளே நுழைய அனுமதிக்கும் சிஸ்டம்டி-யூசர்-செஷன்ஸ் சர்வீஸ், ரிமோட்-எஃப்எஸ் டார்கெட்டுக்கு (நெட்வொர்க் மவுண்ட்கள் முடிந்ததைக் குறிக்கும் பூட் கட்டம்) பிறகுதான் தொடங்கும். சர்வர் அணைந்திருந்தால் மவுண்ட்டின் இயல்பான 90 வினாடிக் காலக்கெடு முடியும்வரை சாதாரண யூசர் யாரும் லாகின் செய்ய முடியாது. கணினி உறைந்துவிட்டது என்று நினைத்து மின்சாரத்தைப் பிடுங்குபவர்கள் பலர்.

ஆட்டோமவுண்ட்: பூட்டின்போது மவுண்ட் செய்யாமல், டைரக்டரியை யாராவது முதன்முதலில் தொடும்போது மவுண்ட் செய்யும். மின்சாரம் போய்த் திரும்பும் நேரத்தில் சர்வரை விடக் கிளையன்ட் வேகமாக எழுந்துவிடும். அந்த இடைவெளியைக் கடக்க இதைவிட நல்ல வழி இல்லை.

மவுண்ட்-டைம்அவுட்: சர்வர் இல்லாதபோது தொட்டவர் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு வரம்பு. மவுண்ட்.என்எஃப்எஸ் நிரல் தன் போக்கில் 2 நிமிடம்வரை முயன்றுகொண்டே இருக்கும். 30 வினாடி போதும்.

ஹார்ட், சாஃப்ட் இரண்டையும் பற்றி நான் எழுதவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இயல்பு ஹார்ட் (சர்வர் திரும்பும்வரை காத்திருப்பது), அப்படியே விடுங்கள். சாஃப்ட் போட்டால் சர்வர் சற்று நேரம் பதில் சொல்லாதபோது எழுதும் நிரலுக்குப் பிழை திரும்பும். பல நிரல்கள் அந்தப் பிழையைச் சரியாகக் கையாளாது, கோப்பு பாதியில் நின்றுவிடும். இன்ட்ர் என்ற விருப்பத்தைப் பழைய குறிப்புகளிலிருந்து எடுத்து ஒட்டுபவர்கள் இன்னும் உண்டு, கெர்னல் 2.6.25-க்குப் பிறகு அதற்கு எந்தப் பலனும் இல்லை.

விண்டோஸ் அல்லது சாம்பா பகிர்வு என்றால் வகை சிஐஎஃப்எஸ், பேக்கேஜ் சிஐஎஃப்எஸ்-யுடில்ஸ், போர்ட் 445. பாஸ்வேர்டை எஃப்எஸ்டேப்பில் எழுதாதீர்கள், அந்தக் கோப்பை எல்லோரும் படிக்கலாம். தனிக் கோப்பில் எழுதி 600 அனுமதி கொடுத்து, கிரெடென்ஷியல்ஸ்= என்று பாதையைச் சுட்டுங்கள். மற்ற விருப்பங்கள் அப்படியே பொருந்தும்.

எழுதி முடித்ததும் சோதியுங்கள்:

சூடோ ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை

7. சிஸ்டம்டியிடம் மாற்றத்தைச் சொல்லுதல்

சிஸ்டம்டி எஃப்எஸ்டேப்பை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. பூட்டின்போது ஒரு ஜெனரேட்டர் அதைப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் யூனிட் கோப்பு உருவாக்குகிறது. ஆகவே நீங்கள் கோப்பைத் திருத்தினாலும் அதன் கையில் இருப்பது பழைய நகல்தான்.

சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்
சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் எம்என்டி-டேட்டா.ஆட்டோமவுண்ட்
எல்எஸ் /எம்என்டி/டேட்டா
சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் எம்என்டி-டேட்டா.மவுண்ட்

இரண்டாவது கட்டளை, பாதை ஏற்கெனவே மவுண்ட் பாயிண்ட் என்று சொல்லி மறுத்தால், 5-ஆம் படியில் யுமவுண்ட் செய்ய மறந்துவிட்டீர்கள்.

யூனிட்டின் பெயர் பாதையிலிருந்து வருகிறது: சாய்கோடு சிறு கோடாக மாறும். பாதையிலேயே சிறு கோடு இருந்தால் அது \எக்ஸ்2டி என்று மாறி பெயர் அலங்கோலமாகும். மவுண்ட் பாயிண்ட்டுக்குச் சிறு கோடு இல்லாத பெயர் வைப்பது பின்னால் நிம்மதி. ஏற்கெனவே இருந்தால் ஊகிக்காமல் கேளுங்கள்:

சிஸ்டம்டி-எஸ்கேப் -பி --சஃபிக்ஸ்=மவுண்ட் /எம்என்டி/என்-டேட்டா

8. நெட்வொர்க் உண்மையிலேயே வந்துவிட்டதா

நெட்வொர்க்.டார்கெட், நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, நெட்வொர்க்கை மேய்க்கும் நிரல் தொடங்கிவிட்டது என்று மட்டுமே சொல்லும். அப்போது ஐபி கிடைத்திருக்காது. இரண்டாவதுதான் இணைப்பு வந்துவிட்டதைச் சொல்வது. எஃப்எஸ்டேப்பில் எழுதிய என்எஃப்எஸ் வரிக்கு இரண்டாவது தானாகச் சேரும். நீங்களே எழுதும் சர்வீஸ்களில் வான்ட்ஸ், ஆஃப்டர் இரண்டு வரியிலும் அதைக் குறிப்பிட வேண்டும். ஆஃப்டர் மட்டும் போட்டால் அது வரிசையைச் சொல்லும், ஆனால் அந்த டார்கெட்டை யாரும் அழைக்க மாட்டார்கள்.

அந்த டார்கெட்டுக்கு உயிர் கொடுப்பது காத்திருக்கும் சர்வீஸ். நெட்வொர்க்மேனேஜர் பயன்படுத்தினால் நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன், சிஸ்டம்டி-நெட்வொர்க்டி பயன்படுத்தினால் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன். பூட் வேகமாக வேண்டும் என்று இதை முடக்கச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். முடக்கினால் இந்தப் படி முழுவதும் வீண்.

மாறாக, பூட் 2 நிமிடம் நின்று போகிறது என்றால், கேபிள் செருகாத ஏதோ ஒரு போர்ட்டுக்காக நெட்வொர்க்டி காத்திருக்கிறது. அதன் இயல்புக் காலக்கெடு 120 வினாடி. உபுண்டு சர்வரில் நெட்பிளான் கோப்பில் அந்தப் போர்ட்டின் கீழ் ஆப்ஷனல்: ட்ரூ என்று எழுதினால் தீரும்.

வைஃபையில் ஓடும் கிளையன்டுக்கு இன்னொரு கண்ணி. இணைப்பு ஒரு யூசருக்கு மட்டும் என்று சேமிக்கப்பட்டிருந்தால், அவர் லாகின் செய்த பிறகே வைஃபை வரும். இணைப்பின் அமைப்பில் எல்லா யூசர்களுக்கும் என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

9. சர்வீஸை மவுண்ட்டோடு கட்டுதல்

பேக்கேஜோடு வந்த யூனிட் கோப்பைத் திருத்தாதீர்கள்; அடுத்த அப்டேட்டில் அது அழிந்துவிடும். அதன் மேல் ஒட்டும் சிறு கோப்பை உருவாக்குங்கள்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் ஜெல்லிஃபின்

திறக்கும் எடிட்டரில் மேலே இருக்கும் இரண்டு குறிப்பு வரிகளுக்கு நடுவேதான் எழுத வேண்டும். இரண்டாவது குறிப்புக்குக் கீழே எழுதியதெல்லாம் சேமிக்கும்போது வீசப்படும். "எழுதினேன், காணவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் கீழே எழுதியவர்களே.

இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும். கண்டிப்பான வழி ஒரே வரி:

[யூனிட்]
ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/எம்என்டி/டேட்டா

மவுண்ட் நடந்தால்தான் சர்வீஸ் தொடங்கும். மவுண்ட்டை நிறுத்தினால் சர்வீஸும் நிற்கும். சுத்தமானது, ஆனால் ஒரு குறை. பூட்டின்போது மவுண்ட் தோற்றுவிட்டால், சர்வீஸ் "டிபென்டென்சி" என்ற காரணத்தோடு தொடங்காமலே போகும். ஐந்து நிமிடம் கழித்துச் சர்வர் வந்தாலும் அது தானாக எழாது. ரீஸ்டார்ட்= வரி இங்கே உதவாது, ஏனென்றால் சர்வீஸ் தொடங்கவே இல்லை, தோற்கவும் இல்லை.

அதனால் ஆள் இல்லாமல் ஓடும் கணினிகளுக்குப் பொறுமையான வழியையே நான் பரிந்துரைப்பேன்:

[யூனிட்]
வான்ட்ஸ்=எம்என்டி-டேட்டா.ஆட்டோமவுண்ட்
ஆஃப்டர்=எம்என்டி-டேட்டா.ஆட்டோமவுண்ட்

[சர்வீஸ்]
எக்செக்ஸ்டார்ட்ப்ரீ=/யுஎஸ்ஆர்/பின்/டெஸ்ட் -எஃப் /எம்என்டி/டேட்டா/.மவுண்ட்-ஓகே
டைம்அவுட்ஸ்டார்ட்செக்=60
ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்
ரீஸ்டார்ட்செக்=30

சர்வீஸ் தொடங்கும் முன் அடையாளக் கோப்பைத் தேடுகிறது. தேடும் செயலே ஆட்டோமவுண்ட்டை எழுப்புகிறது. சர்வர் வந்துவிட்டால் கோப்பு கிடைக்கும், சர்வீஸ் தொடங்கும். வரவில்லை என்றால் சர்வீஸ் தோற்று, 30 வினாடி கழித்து மறுபடி முயலும். சர்வர் ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் யாரும் கை வைக்க வேண்டியதில்லை.

ரீஸ்டார்ட்செக் வரியை விடாதீர்கள். இயல்பு மதிப்பு ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. சிஸ்டம்டி 10 வினாடிக்குள் 5 முறை தொடங்கிப் பார்த்தபின் கைவிட்டுவிடும், ஆட்டோமவுண்ட் யூனிட்டும் அதே போலத் தோற்றுப்போகக்கூடும். 30 வினாடி இடைவெளி இரண்டையும் தவிர்க்கிறது. 60 வினாடிக் காலக்கெடு எதற்கு என்றால், சில யூனிட்கள் தமக்கென்று குறைந்த காலக்கெடு வைத்திருக்கும். மவுண்ட்டின் 30 வினாடி முடியும் முன்பே சோதனை வெட்டப்பட்டுவிடக் கூடாது.

மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் சோதிக்காமல் ஏன் ஒரு கோப்பைத் தேட வேண்டும்? ஆட்டோமவுண்ட் காத்திருக்கும் இடமும் ஒரு மவுண்ட் பாயிண்ட்தான். சர்வர் அணைந்திருந்தாலும் அந்தக் கட்டளை "ஆம்" என்று சொல்லக்கூடும். சர்வரில் மட்டுமே இருக்கும் கோப்பு ஏமாற்றாது.

எஃப்எஸ்டேப் வரியில் எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட் சேர்ப்பது பற்றி: லேப்டாப்பில் நல்லது. கண்டிப்பான வழியோடு மட்டும் சேர்க்காதீர்கள். சும்மா கிடக்கும் நேரத்தில் மவுண்ட் நிறுத்தப்படும்போது அதைச் சார்ந்த சர்வீஸையும் அது இழுத்து நிறுத்திவிடும்.

ஏற்கெனவே உள்ள எக்செக்ஸ்டார்ட்= வரியை மாற்ற நேர்ந்தால், முதலில் அதைக் காலியாக ஒரு முறை எழுதிப் பிறகு புதியதை எழுத வேண்டும்; இல்லாவிட்டால் இரண்டு கட்டளை இருக்கிறது என்று மறுக்கும். கடைசியில் சிஸ்டம்சிடிஎல் கேட் ஜெல்லிஃபின் கொடுத்து, மூலக் கோப்பும் உங்கள் ஒட்டும் சேர்ந்து எப்படி இருக்கின்றன என்று பாருங்கள்.

மீடியா சர்வர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: புதுக் கோப்பு வந்ததும் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி என்எஃப்எஸ் மீது நம்பத்தக்கதல்ல. வேறு கணினி எழுதிய மாற்றம் இந்தக் கணினியில் கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் ஐநோட்டிஃபைக்குத் தெரியாது. நேர அட்டவணைப்படி ஸ்கேன் வைத்துக்கொள்ளுங்கள்.

10. எனேபிள், ஸ்டார்ட், மாஸ்க்

ஸ்டார்ட் இப்போது ஓடவைக்கும், அடுத்த பூட்டைப் பற்றிக் கவலைப்படாது. எனேபிள் அடுத்த பூட்டுக்குப் பதிவு செய்யும், இப்போது ஓடவைக்காது. இரண்டும் வேண்டும் என்றால் எனேபிள் --நவ். டிஸேபிளும் ஸ்டாப்பும் அதே போலத் தனித்தனி.

டிஸேபிள் செய்த சர்வீஸ் மறுபடி ஓடிக்கொண்டிருந்தால் அதன் சாக்கெட் யூனிட்டைப் பாருங்கள். யாராவது கதவைத் தட்டினால் சாக்கெட் சர்வீஸை எழுப்பும். ஆர்பிசிபைண்ட் நல்ல எடுத்துக்காட்டு. 4-ஆம் பதிப்பு மட்டும் போதும் என்றால் அது தேவையில்லை. நிறுத்த விரும்பினால் ஆர்பிசிபைண்ட்.சர்வீஸ், ஆர்பிசிபைண்ட்.சாக்கெட் இரண்டையும் மாஸ்க் செய்ய வேண்டும், அதாவது எதுவும் எழுப்ப முடியாதபடி பூட்ட வேண்டும்.

பூட் நேரத்தைக் குறைக்கப் பார்ப்பவர்கள் சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் தரும் பட்டியலில் மேலே இருப்பதை எல்லாம் முடக்கிவிடுகிறார்கள். சர்வீஸ்கள் ஒரே நேரத்தில் இணையாக ஓடுவதால் அந்த எண்களைக் கூட்ட முடியாது. சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின் பாருங்கள். யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்பது அதில்தான் தெரியும்.

11. ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வர் விழுந்தால்

ஹார்ட் மவுண்ட் என்பதால் நிரல்கள் பிழை தராமல் காத்திருக்கும். சர்வர் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த நேரத்தில் டிஎஃப் கட்டளை தொங்கும். டிஎஃப் -எல் உள்ளூர் வட்டுகளை மட்டும் காட்டும். எல்எஸ்ஓஎஃப் கட்டளையும் தொங்கலாம், பதற வேண்டாம்.

சர்வர் இனி வராது என்றால் சூடோ யுமவுண்ட் -எஃப், அதுவும் மறுத்தால் யுமவுண்ட் -எல். பின்னது பெயரை மட்டும் கழற்றும். கோப்பைப் பிடித்திருக்கும் நிரல் பிடித்தபடியே இருக்கும், ஆகவே அந்தச் சர்வீஸையும் நிறுத்துங்கள். சர்வர் நலமாக இருக்கும்போது "டார்கெட் இஸ் பிஸி" வந்தால் -எல் வேண்டாம். ஃபியூசர் -விஎம் /எம்என்டி/டேட்டா யார் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லும். பெரும்பாலும் அந்த டைரக்டரிக்குள் நிற்கும் உங்கள் சொந்த டெர்மினல்தான்.

"ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்" என்றால் சர்வரில் அந்த டைரக்டரி அழிக்கப்பட்டு மறுபடி உருவாக்கப்பட்டிருக்கிறது, அல்லது வட்டு மாறியிருக்கிறது. அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்தால் தீரும்.

12. நான்கு ரீபூட் சோதனைகள்

இரண்டு கணினிகளும் ஓடிக்கொண்டிருக்கும்போது கிளையன்டை மட்டும் ரீபூட் செய்யுங்கள். ஜெல்லிஃபின் தானாக ஓட வேண்டும், ஃபைண்ட்எம்என்டி -டி என்எஃப்எஸ்4 ஒரு வரி காட்ட வேண்டும்.

அடுத்து சர்வரை அணைத்துவிட்டுக் கிளையன்டை ரீபூட் செய்யுங்கள். லாகின் உடனே வர வேண்டும். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் ஜெல்லிஃபின், "ஆக்டிவேட்டிங், ஆட்டோ-ரீஸ்டார்ட்" என்று காட்ட வேண்டும். /எம்என்டி/டேட்டா உள்ளே ரூட்டாக டச் செய்து பாருங்கள். 30 வினாடிவரை காத்திருந்து தோற்க வேண்டும். கோப்பு உருவாகிவிட்டால் 5-ஆம் படி விடுபட்டுள்ளது.

மூன்றாவதாக, அதே நிலையில் சர்வரை எழுப்புங்கள். அது எழுந்த ஓரிரு நிமிடத்தில் யாரும் தொடாமல் சர்வீஸ் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால்:

ஜர்னல்சிடிஎல் -பி -யு ஜெல்லிஃபின் -யு எம்என்டி-டேட்டா.மவுண்ட் -யு எம்என்டி-டேட்டா.ஆட்டோமவுண்ட்

மூன்று யூனிட்களின் பதிவும் கால வரிசையில் ஒன்றாக வரும். எது எதற்கு முன்னால் தோற்றது என்பது அதிலேயே தெரியும்.

கடைசியாக, பெரிய கோப்பு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போது சர்வரை ரீபூட் செய்யுங்கள். எழுதுவது சிறிது நேரம் நின்று, பிறகு தொடர்ந்து, பிழையின்றி முடிய வேண்டும். இரு பக்கமும் எஸ்எச்ஏ256சம் ஒப்பிடுங்கள். எண்கள் வேறாக வந்தால், எக்ஸ்போர்ட்ஸ் வரியில் ஏசிங்க் அல்லது எஃப்எஸ்டேப்பில் சாஃப்ட் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.